கப்பல் நிற்கும் ஆறு மணி நேரம்

செமோர், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களிடம் 'கப்பல்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். "எது, ரஜூலாவா?" என்று கேட்பார்கள். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் போய் வந்துகொண்டிருந்தது. மேல்தட்டில் பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, வங்கக் கடலின் அலையில் வயிறு புரட்டப் புரட்ட வந்தவர்கள் நம் முன்னோர். ரஜூலாவின் கடைசிக் காலத்தில் 'சிதம்பரம்' கப்பல் வந்தது. 1985-இல் அதில் தீப்பிடித்து உயிர்கள் பலியான பிறகு அந்தக் கப்பல் பயணமும் முடிவுக்கு வந்தது. ஊருக்குப் போவதென்றால் விமானம்தான் என்றாகிவிட்டது.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் 'கப்பல்' என்று சொல்லும்போது வேறொன்றைச் சொல்கிறார்கள். நீச்சல் குளமும், பாட்டுக் கச்சேரியும், வேளை தவறாத விருந்துமாக இருக்கும் உல்லாசக் கப்பல் அது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகளோ மகனோ சேமித்த பணத்தில் சீட்டு வாங்கி, பால் வெட்டியே காலத்தைக் கழித்த தாய் தகப்பனை மூன்று நான்கு இரவுகள் அழைத்துப் போகிறார்கள். நல்ல காரியம். பெற்றவர்களுக்கு இதைவிட வேறு என்ன மரியாதை வேண்டும்?

இந்தக் கப்பல்கள் வழியில் ஒன்றிரண்டு துறைமுகங்களில் நிற்கும். அவற்றில் முக்கியமானது பினாங்கு. காலையில் வந்து சேரும். மாலையிலோ இரவிலோ புறப்பட்டுவிடும். இறங்குவதற்கான வரிசை, ஏறுவதற்கான வரிசை இரண்டையும் கழித்தால் நம் கையில் நிற்பது ஆறு மணி நேரம். அதை எப்படிச் செலவிடுவது? "காற்றுள்ள போதே தூற்றிக்கொள்" என்பார்கள். ஆனால் எதைத் தூற்றுகிறோம் என்று தெரிந்துகொண்டு தூற்ற வேண்டும் அல்லவா?

மலையா, கரையா?

எனக்குத் தெரிந்த செமோர்க் குடும்பம் ஒன்று இப்படித்தான் கப்பலில் பினாங்குக்கு வந்தது. பாட்டி, மகன், மருமகள், இரண்டு பேரப் பிள்ளைகள். கரையில் கால் வைத்ததும் மகன் வண்டி பிடித்தார். முதலில் கொடிமலை, பிறகு ஆயர் ஈத்தாமில் இருக்கும் கெக் லோக் சி புத்தர் கோயில், நேரமிருந்தால் பத்து பெரிங்கிக் கடற்கரை. தாளில் எழுதியே வைத்திருந்தார். அன்று பள்ளி விடுமுறை. மலை ரயிலுக்குச் சீட்டு வாங்க ஒரு வரிசை, ஏற ஒரு வரிசை, இறங்க ஒரு வரிசை. கீழே வந்தபோது மணி இரண்டு. திரும்பும் வழியெல்லாம் வாகன நெரிசல். கப்பல் போய்விடுமோ என்ற பயத்தில் யாரும் யாரோடும் பேசவில்லை. ஓடி வந்து கப்பலில் ஏறிய பிறகுதான் மூச்சு வந்தது.

அன்று இரவு பாட்டி சொன்னாராம்: "மலையைத்தான் நம்ம ஈப்போவிலேயே தினம் பார்க்கிறோமே, தம்பி. எங்க அம்மா வந்து இறங்கின கரையைப் பார்க்கலாம்னுதான் நான் வந்தேன். அந்த அம்மன் கோயில் எங்கே இருக்கு?"

அந்த அம்மன் கோயில் கப்பல் நின்ற இடத்திலிருந்து கால் மணி நேர நடையில் இருந்தது.

இதில் மகனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாயை மகிழ்விக்கத்தான் அத்தனை பாடுபட்டார். கொடிமலை பார்க்கத் தகுந்த இடம்தான். நூறாண்டு கண்ட மலை ரயில் அது. ஆனால் அதற்கென்று தனியாக ஒரு நாள் வேண்டும். ஆறு மணி நேரத்தை வைத்துக்கொண்டு தீவு முழுவதையும் சுற்றப் புறப்படுவது, பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டாத கதையாகிவிடும்.

மத்தியதரைக் கடலில் ஒரு பாடம்

உல்லாசக் கப்பல் பயணத்துக்குப் பெயர் பெற்றது ஐரோப்பாவின் மத்தியதரைக் கடல். அங்கே 'ரோம் நகரில் நிற்கும்' என்று விளம்பரம் செய்வார்கள். கப்பல் நிற்பது சிவித்தாவெக்கியா என்ற துறைமுகத்தில். அங்கிருந்து ரோமுக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர். ஈப்போவிலிருந்து தைப்பிங் போவது போன்ற தூரம். ஃபுளோரன்ஸ் என்பார்கள், கப்பல் நிற்பது லிவோர்னோவில். அங்கிருந்தும் ஏறக்குறைய அவ்வளவு தூரம். பயணிகளின் பாதி நாள் பேருந்தின் ஜன்னல் ஓரத்திலேயே கழிந்துவிடும்.

ஆனால் இத்தாலியின் நேப்பிள்ஸ் அப்படியல்ல. அங்கே கப்பல் நகரத்தின் காலடியிலேயே வந்து நிற்கிறது. இறங்கினால் எதிரே கோட்டை; சற்று நடந்தால் பழைய நகரத்தின் குறுகலான சந்துகள். உலகமெல்லாம் விரும்பி உண்ணும் பீசா ரொட்டிக்குப் பேர்போன ஊர் அது. அப்படியிருந்தும் பெரும்பாலோர் வண்டியேறி இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பொம்பேயின் இடிபாடுகளுக்குப் போய்விட்டு, நேப்பிள்ஸையே பார்க்காமல் கப்பல் ஏறிவிடுகிறார்கள். எங்கே கப்பல் ஊருக்குள்ளேயே நிற்கிறதோ, அங்கே நடந்து பார்ப்பதுதான் ஆதாயம் என்பது அனுபவசாலிகள் கண்ட உண்மை.

பினாங்கு நமக்கு வாய்த்த நேப்பிள்ஸ். கப்பல் வந்து நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனின் வாசற்படியிலேயே இருக்கிறது. 1904-இல் திறக்கப்பட்ட இந்தத் துறைக்குப் பெயர் தந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் ஒரு காலத்தில் நம் பேராக் மாநிலத்தில் ரெசிடெண்டாக இருந்தவர். வண்டியும் வேண்டாம், வழிகாட்டிக்குக் காசும் வேண்டாம். ஒரு மைல் சுற்றளவுக்குள் நம்மவர் வரலாறு முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. காலணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு குடையும் ஒரு புட்டி தண்ணீரும் எடுத்துக்கொண்டு என்னோடு வாருங்கள்.

மணிக்கூண்டிலிருந்து

துறையை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் படுவது மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி பட்டமேறி 60 ஆண்டு நிறைந்ததற்காக, சியா சென் இயோக் என்ற சீனச் செல்வர் 1897-இல் தம் செலவில் கட்டத் தொடங்கியது. ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம். 1902-இல் வேலை முடிந்தபோது அந்த மகாராணியே உயிரோடு இல்லை. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த அதிர்ச்சியில் கூண்டு சற்றே சாய்ந்துவிட்டது. உற்றுப் பாருங்கள், தெரியும்.

அதன் அருகில் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786-இல் ஃபிரான்சிஸ் லைட் இந்தத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்டபோது மரக் கம்பங்களால் அடைத்துக் கட்டிய இடம். பிறகு கல்லும் செங்கல்லும் வைத்துக் கட்டினார்கள். உள்ளே செரி ரம்பாய் என்ற பழைய டச்சுப் பீரங்கி இருக்கிறது. 1603-இல் வார்க்கப்பட்டது. பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அதன் வாயில் மலர் வைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் ஒன்று இருந்தது. கோட்டைக்குள் போகக் கட்டணம் உண்டு. நேரமும் கால்வலியும் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். வெளியிலிருந்தே பார்த்துவிட்டு நடந்தாலும் குறைவில்லை.

மணிக்கூண்டிலிருந்து நேரே செல்வது லெபோ பந்தாய், அதாவது கடற்கரைத் தெரு. கடலே காணோமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். முன்பு இந்தத் தெருவின் ஓரம் வரை கடல் இருந்தது. 1880-களில் கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். இப்போது உங்கள் இடப்பக்கம் இருக்கும் கட்டடங்களெல்லாம் படகுகள் மிதந்த இடத்தில் நிற்பவை. பெரிய பெரிய வங்கிகள் வரிசையாக இருக்கின்றன. நம் தோட்டத்து ரப்பரும் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயமும் பினாங்குத் துறைமுகத்தின் வழியாகத்தான் சீமைக்குப் போயின. அந்த வியாபாரத்தின் பணம் புரண்ட தெரு இது. கொட்டாங்கச்சி கொட்டாங்கச்சியாக நம் தாய்மார் சேர்த்த பாலுக்கும் இந்தத் தெருவின் மாடி வீடுகளுக்கும் உறவு உண்டு. அந்த உறவைத் தெரிந்துகொண்டு பார்த்தால் கட்டடம் வேறு மாதிரித் தெரியும்.

கடைத்தெருவும் அம்மன் கோயிலும்

பத்து நிமிடம் நடந்ததும் வலப்பக்கம் திரும்பினால் லெபோ பசார். நம்மவர் வாயில் அது 'கடைத்தெரு'. மல்லிகையும் சாம்பிராணியும் வறுத்த மசாலையும் ஒன்றாகக் கலந்து வரும் வாசனையே வழி காட்டிவிடும். சேலைக் கடை, பாத்திரக் கடை, நகைக் கடை, மளிகைக் கடை, பாட்டுக் கடை என்று இரு பக்கமும் நெருக்கம். இப்போது லிட்டில் இந்தியா என்று பலகை வைத்திருக்கிறார்கள். பலகை வைப்பதற்கு வெகு காலம் முன்பே இது நம்மவர் தெருதான்.

கடைகளில் மயங்கி நின்றுவிடாதீர்கள். முதலில் கோயில். ஏனென்றால் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். மாலையில் திறக்கும்போது நீங்கள் கப்பலுக்குத் திரும்பிக்கொண்டிருப்பீர்கள். இந்த ஒரு விவரம் தெரியாமல் பூட்டிய கதவைக் கும்பிட்டுப் போனவர்கள் பலர்.

கடைத்தெருவில் இரண்டு தெருக்களைக் கடந்து மூன்றாவதாக வரும் லெபோ குயினில் இருக்கிறது ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். 1833-இல் கட்டப்பட்ட கோயில்; அதற்கு முன்பே 1801 முதல் அங்கே சிறிய வழிபாட்டிடம் இருந்தது. பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில் இதுவே. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும், படகோட்டிகளும், கடைக்காரர்களும் கூடி வளர்த்த அம்மன். நவராத்திரி முடிந்த விஜயதசமியன்று அம்மன் தேரில் இந்தத் தெருக்களில் உலா வருகிறாள்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகாத பேராக் குடும்பம் இருக்காது. பேருந்தில் போய், காவடி எடுத்து, பேருந்திலேயே திரும்பியிருப்போம். அந்தத் தைப்பூச ஊர்வலம் தொடங்கும் இடம் இந்தப் பகுதிதான். செட்டியார்களின் வெள்ளி ரதம் லெபோ பினாங்கில் உள்ள கோயில் வீட்டிலிருந்து புறப்படுகிறது. 1894 முதல் ஓடிவரும் ரதம் அது. 2017 முதல் தங்க ரதமும் சேர்ந்திருக்கிறது. அதன் பயணம் இந்த மாரியம்மன் கோயிலிலிருந்து தண்ணீர்மலைக்கு. முடிவை மட்டும் பார்த்த நமக்கு, தொடக்கத்தையும் பார்க்கும் வாய்ப்பு இது.

ஒரே வீதியில் நான்கு சமயங்கள்

கோயிலிலிருந்து லெபோ சூலியாவுக்கு வாருங்கள். சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களுக்கு அந்நாளில் வழங்கிய பெயர். லெபோ கிங் வந்து சேரும் மூலையில் நாகூர் தர்கா. நாகூர் ஆண்டவரை நினைத்து இங்கு வந்த வணிகர்களும் மாலுமிகளும் எழுப்பியது. நாகப்பட்டினத்தில் கப்பலேறும் முன் நாகூரை நோக்கிக் கையெடுத்தவர்கள், கரை சேர்ந்ததும் நன்றி சொல்ல இங்கே ஓர் இடம் வைத்துக்கொண்டார்கள். நம் இந்துத் தாய்மார்களும் அங்கே போய் வேண்டிக்கொள்வது புதிதல்ல.

சற்றுத் தள்ளி உயர்ந்த மினாராவும் கறுத்த குவிமாடங்களுமாகக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801-இல் காதர் முகைதீன் என்ற தமிழ் வணிகத் தலைவர் தொடங்கியது. மரியாதையான உடையோடு போனால் தொழுகை நேரம் தவிர்த்துப் பார்வையாளர்களும் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள்.

அந்தப் பள்ளிவாசலின் பெயரையே தாங்கிய சாலையில் வடக்கே திரும்பி நடந்தால் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில். ஊதுவத்திப் புகை வாசலை மறைக்கும். பினாங்கின் பழைய சீனக் கோயில்களில் முதன்மையானது. இன்னும் சற்றுப் போனால் வெள்ளைத் தூண்களோடு புனித ஜார்ஜ் தேவாலயம். 1818-இல் எழுந்தது. அதைக் கட்டிய கைகள் யாருடையவை தெரியுமா? இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகளுடையவை. தோட்டத்துக்கு ஆள் கட்டிக் கொண்டுவருவதற்கு முன்பே, காலில் விலங்கோடு வந்தவர்கள் இந்த ஊரின் சாலைகளையும் கட்டடங்களையும் எழுப்பியிருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அந்தத் தூண்களின் முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

கோயில், பள்ளிவாசல், சீனக் கோயில், தேவாலயம் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருநூறு ஆண்டுகளாக அடுத்தடுத்து நிற்கின்றன. 2008-இல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக யுனெஸ்கோ அறிவித்ததற்கு இந்த அண்டை அயல் வாழ்க்கை ஒரு முக்கியக் காரணம். ஒரு தோட்டத்து முச்சந்தியில் மாரியம்மன் கோயிலும், சூராவும், தோப்பேகோங் கோயிலும் பார்த்து வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

சோற்றுக்கு ஒரு மணி நேரம்

நடுவில் பசி வந்துவிடும். கப்பலில் சாப்பாடு இலவசம்தானே என்று பட்டினியோடு திரும்பிவிடாதீர்கள். பினாங்குக்கு வந்து நாசி கண்டார் சாப்பிடாமல் போவது, பழனிக்குப் போய்ப் பஞ்சாமிர்தம் வாங்காமல் வருவதற்குச் சமம்.

'கண்டார்' என்றால் தோளில் வைத்துச் சுமக்கும் கம்பு. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் கம்பின் ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறு முனையில் குழம்புச் சட்டிகளுமாகக் காவடிபோல் தூக்கி வந்து, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். உழைப்பவன் வயிற்றுக்காகப் பிறந்த உணவு அது. அந்த உழைப்பாளிகளில் பெரும்பகுதி நம்மவர். இன்று நாடே வரிசையில் நின்று சாப்பிடுகிறது. காம்பெல் தெருவில் 1907 முதல் நடந்துவரும் ஹமீதியா கடை இவற்றுள் மிகப் பழையது. அங்கே கூட்டம் அதிகமானால் கவலை வேண்டாம். சூலியாத் தெருவைச் சுற்றிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. மரக்கறிச் சாப்பாடு வேண்டுவோர்க்குக் கடைத்தெருப் பக்கம் வாழையிலைக் கடைகள் உண்டு. தட்டில் எடுத்து வைப்பதற்கு முன்பே கறி, மீன், இறால் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

வாங்கிப் போவதற்கு ஜாதிக்காய் நல்ல பொருள். ஊறுகாய், இனிப்பு, எண்ணெய் என்று பல விதமாக விற்கிறார்கள். பினாங்கின் பேர் சொல்லும் பொருள் அது. எடை குறைவு; கெடாது. கைவலிக்கு எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு பாட்டியும் வாழ்த்துவார். சேலை எடுப்பதாக இருந்தால் மட்டும், சகோதரிகளே, கடிகாரத்தைக் கணவர் கையில் கொடுத்துவிடுங்கள்!

கரையில் நில்லுங்கள்

புனித ஜார்ஜ் தேவாலயத்திலிருந்து கடலை நோக்கி நடந்தால் பாடாங் கோத்தா லாமாத் திடல். கடலோரச் சுவர் நீளமாக இருக்கிறது. கிளைகள் நிழல் தரும். இங்கே அரை மணி நேரம் உட்காருங்கள். கப்பல் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான், பதற்றம் வேண்டாம்.

எதிரே தெரிவது பட்டர்வொர்த் கரை. வானம் தெளிவாக இருந்தால் வடக்கே கெடாவின் குனோங் ஜெராய் மலை நீலமாகத் தெரியும். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. ஏறக்குறைய 1025-இல் இராசேந்திர சோழனின் கடற்படை வந்த கடாரம் அந்தப் பக்கம்தான். நம் பெயர் இந்தக் கடலில் ஆயிரம் ஆண்டுகளாக இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லுங்கள். அரசனின் கப்பலில் வந்தவர்கள் அல்ல நம் பாட்டன் பாட்டிமார். கூலிக்கு ஆள் எடுத்தபோது வந்தவர்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் கங்காணிகள் ஊருக்குப் போய் உறவையும் சாதியையும் கூட்டி அழைத்து வந்தார்கள். 1938-இல் இந்திய அரசு தடை போடும் வரை அது தொடர்ந்தது. ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ முகாமில் காத்திருந்து, கப்பலேறி, இந்த நீரிணைக்குள் வந்தார்கள். வந்ததும் ஊரைப் பார்க்க விட்டார்களா? இல்லை. அம்மை, வாந்திபேதி வந்துவிடும் என்று பலரைத் தெற்கே இருக்கும் ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைத்தார்கள். நாள் கழிந்ததும் பிறையில் ரயிலேற்றிப் பேராக்கின் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். மணிக்கூண்டைத் தூரத்திலிருந்து பார்த்திருப்பார்கள். கடைத்தெருவின் சத்தத்தை ஒருவேளை கேட்டிருப்பார்கள். ஆறு மணி நேரம் சும்மா நடந்து திரிய அவர்களுக்கு யாரும் அனுமதி தரவில்லை.

அவர்கள் பார்க்காமல் போன ஊரை அவர்கள் பேரப் பிள்ளைகள் சீட்டு வாங்கிய பயணிகளாக வந்து இறங்கிப் பார்க்கிறார்கள். எந்தக் கோயிலுக்குப் போவது, எந்தக் கடையில் சாப்பிடுவது, எந்தச் சுவரில் உட்காருவது என்று தாங்களே முடிவு செய்கிறார்கள். இந்த ஆறு மணி நேரத்தின் மதிப்பு அதில்தான் இருக்கிறது. ஆகவே பெரியவர்கள் உடன் இருந்தால், புறப்படும் முன்பே கேட்டு வையுங்கள்: "உங்க அம்மா அப்பா எந்தக் கப்பல்ல வந்தாங்க, பாட்டி? எந்த ஊரு? யார் கூட வந்தாங்க?" பழைய கடப்பிதழோ, மங்கிய படமோ பெட்டியின் அடியில் இருந்தால் ஒரு நகல் எடுத்துக் கையில் கொண்டு போங்கள். இந்தச் சுவரில் உட்கார்ந்து அதைப் பிரித்துப் பார்ப்பதற்கு இணையான காட்சி எந்த மலை உச்சியிலும் கிடைக்காது.

கப்பல் யாருக்காகவும் நிற்காது

சில நடைமுறை விவரங்கள். கப்பலில் முதல் நாள் இரவே மறுநாள் நிகழ்ச்சியை அறிவிப்பார்கள். அதில் இரண்டு நேரங்கள் இருக்கும்: கப்பல் புறப்படும் நேரம், பயணிகள் எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய நேரம். இரண்டாவதுதான் நமக்கு முக்கியம். அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே திரும்பிவிடுவது புத்திசாலித்தனம். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் தாமதம் ஏற்பட்டால் பொதுவாகக் காத்திருப்பார்கள். நாமாகப் போனால் காத்திருக்க மாட்டார்கள்.

மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம். 1982 ஜனவரியில் இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியபோது அவர்களும் தள்ளிக்கொண்டார்கள். ஆனால் கப்பல் புக்கெட்டுக்கும் போவதாக இருந்தால் எச்சரிக்கை! தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி பின்னால். கைப்பேசி தானாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளும்; கப்பல் மாற்றாமல் இருக்கலாம். எந்த நேரம் கணக்கு என்று இறங்கும் முன் கேட்டுவிடுங்கள். ஒருவர் கையிலாவது கப்பல் நேரம் வைத்த பழைய கைக்கடிகாரம் இருக்கட்டும்.

கப்பல் அட்டை, அடையாள அட்டை, கடப்பிதழின் நகல், முகவரின் தொலைபேசி எண் நான்கும் ஒரே பையில் இருக்க வேண்டும். பெரியவர்களின் மருந்தும் அதே பையில். வெயில் கடுமை, கடைகளின் முன்னால் இருக்கும் ஐந்தடி நடைவழியின் நிழலிலேயே நடக்கலாம். நடக்க முடியாதவர்களுக்காகப் படகுத் துறையிலிருந்து நகரத்துக்குள் சுற்றிவரும் இலவசப் பேருந்து இருக்கிறது. சுவரோவியங்களைப் பார்க்கப் பிள்ளைகள் அடம் பிடித்தால், 2012-இல் வரையப்பட்ட புகழ்பெற்ற ஓவியங்கள் லெபோ ஆர்மேனியன் பக்கம் இருக்கின்றன. ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் வரிசையில் நின்றே பொழுது போய்விடும்.

கப்பல் சீட்டு இல்லாதவர்களுக்கு

"எங்களுக்கு எங்கே உல்லாசக் கப்பல்?" என்று கேட்கும் வாசகர்களுக்கும் வழி உண்டு. தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, இன்று செமோர் தாமான்களில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு இது எட்டாத பயணம் அல்ல. ஈப்போவில் மின்ரயில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பட்டர்வொர்த். நிலையத்தை அடுத்தே படகுத் துறை. பாலத்தில் காரில் போகாமல் படகில் போங்கள். பத்துப் பதினைந்து நிமிடப் பயணம்தான். ஆனால் கடலிலிருந்து ஜார்ஜ் டவுன் மெல்ல மெல்லக் கிட்ட வருவதைப் பார்க்கும்போது, பாயும் பெட்டியுமாக வந்தவர்கள் பார்த்த அதே கரையைப் பார்க்கிறீர்கள். இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் மணிக்கூண்டு. அங்கிருந்து மேலே சொன்ன வழிதான். இதற்கு யாரும் சங்கு ஊதி அவசரப்படுத்த மாட்டார்கள். கடைசி ரயிலின் நேரம் மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

இந்த ஆண்டுப் பள்ளி விடுமுறையில் ஒரு நாளை ஒதுக்குங்கள். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், அவர்களுக்கு நடக்கத் தெம்பு இருக்கும்போதே கூட்டிப் போங்கள். அவர்கள் காட்டுகிற இடத்தில் நில்லுங்கள். சொல்கிற பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சுகமாகப் போய், நேரத்தோடு திரும்பி வாருங்கள்.